பப்ளிக் ஐபி பிளாக் வாங்கப் போறீங்களா, இந்தத் தப்பையெல்லாம் பண்ணிடாதீங்க

கும்பகோணத்துல இருந்துக்கிட்டு சுத்துவட்டாரத்துல ரைஸ் மில், லாட்ஜ், பாத்திரக்கடைன்னு நெட்வொர்க் வேலை பாக்குறேன். பப்ளிக் ஐபின்னா இன்டர்நெட்ல எங்கேருந்தும் நம்மள வந்து தொடுற விலாச நம்பர், அது வரிசையா சேந்து வந்தா பிளாக். "தம்பி, ஒரு ஐபி பிளாக் வாங்கிக் குடு"ன்னு வர்ற போன்ல பாதிப்பேருக்கு எத்தனை வேணும்னே தெரியாது. மன்னார்குடி பக்கம் ஒரு மில் ஓனர், 32 கேமரா இருக்கு அதனால 32 ஐபி வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. கேமரா, பிரிண்டரெல்லாம் 192.168-ன்னு ஆரம்பிக்கிற உள் நம்பர்லயே கெடக்கட்டும்ணே, வெளியிலேருந்து ஆள் வந்து தட்டுற கதவுக்கு மட்டும் பப்ளிக் ஐபி போதும்னு சொல்லி எண்ணிப் பாத்தா மெயில், விபிஎன் (வெளியிலேருந்து மில் நெட்வொர்க்குக்குள்ள வர்ற பாதுகாப்பான வழி), பில்லிங் சர்வர், மூணே மூணு.

அதுக்காக ரொம்ப இறுக்கியும் கேக்காதீங்க. பிளாக்கோட அளவ ஸ்லாஷ் போட்டுச் சொல்லுவாங்க, ஸ்லாஷ் 29-ன்னா 8 அட்ரஸ், அதுல முதலும் கடைசியும் நமக்கு ஆகாது, கேட்வேக்கு (வெளிய போற வாசல் ரூட்டர்) ஒண்ணு போயிடும், மிச்சம் 5 தான். அப்புறம் ஸ்டேடிக் ஐபி, அதாவது மாறாத ஐபின்னு காசு வாங்கிட்டு 100.64-ன்னு ஆரம்பிக்கிற அட்ரஸக் குடுத்தா அது பப்ளிக்கே இல்ல, திருப்பிக் குடுத்துடுங்க.

பெரிய தப்பு இதான், வாங்குன ஐபி நம்மளதுன்னு நெனக்கிறது. ஐஎஸ்பி, அதாவது நெட் கம்பெனி, குடுக்குற பிளாக் குத்தகை நிலம், பட்டா அவங்க பேர்ல. அதே மில்லுல தை மாசம், சம்பா அறுப்பு நேரத்துல, ரேட்டு கம்மின்னு என்னயக் கேக்காம நெட் கம்பெனிய மாத்திட்டாங்க, ஐபியும் மாறிடுச்சு, குடோன் சாஃப்ட்வேர்ல பழைய ஐபி நம்பரையே எழுதி வச்சிருந்ததால வாசல்ல நெல்லு லாரி வரிசை கட்டி நிக்குது, பில்லு ஏறல, பேங்க்ல பேமெண்ட்டுக்குப் பதிஞ்சு வச்சதும் பழைய ஐபிதான்னு அப்பதான் ஞாபகம் வருது. நம்பர எழுதாம .com, .in-ன்னு முடியிற டொமைன் பேர எழுதியிருந்தா ஒரு மணி நேர வேலை, மூணு நாள் ஆச்சு.

2018 கஜா புயலுக்கு அப்புறம் நான் பாக்குற இடத்துல நெறய பேரு ரெண்டு கம்பெனி நெட் லைன் போட்டுட்டாங்க, நல்லதுதான், ஆனா ஒரு கம்பெனி ஐபி இன்னொருத்தர் லைன்ல வராது. ரெண்டுலயும் ஒரே ஐபி ஓடணும்னா சொந்த பிளாக், ஏஎஸ் நம்பர் (நம்ம நெட்வொர்க்குக்குன்னு ஒரு அடையாள எண்), பிஜிபி (நம்ம ஐபிக்கு வழி இதுன்னு மத்த நெட்வொர்க்குக்குச் சொல்ற முறை) தெரிஞ்ச ஆள் எல்லாம் வேணும். சொந்த பிளாக்குக்கு நிக்ஸி நடத்துற, இந்தியாவுல ஐபி நம்பர் ஒதுக்குற ஐஆர்ஐஎன்என் கிட்ட விண்ணப்பிக்கலாம். 256-க்குக் கீழ வாங்கிப் பிரயோஜனமில்ல, 256 அட்ரஸ்தான் ஸ்லாஷ் 24, அத விடச் சின்னத பெரும்பாலான நெட்வொர்க் ஏத்துக்காது. நம்ம ஆசிய பசிபிக் பக்கம் 2011-லயே ஐபிவி 4-ங்கிற இந்தப் பழைய வகை ஐபி கிட்டத்தட்ட தீந்துபோச்சு, அதனால புதுசா வர்றவங்களுக்கு 512-க்கு மேல கெடைக்காது, அதுக்கும் எங்கெங்க பயன்படுத்தப் போறோம்னு பிளான் காட்டணும், வருஷா வருஷம் கட்டணம் வேற. மூணு ஐபி வேண்டிய மில்லுக்கு இது எதுக்கு? கேபிள் டிவிக்காரங்க பிராட்பேண்ட் ஆரம்பிச்சா சரி, அப்ப புது வகையான ஐபிவி 6-உம் சேத்தே கேட்டு வாங்கிடுங்க.

கடைசியா, குடுக்குற ஐபிய முன்னாடி எவனாவது ஸ்பேம் அனுப்பி கெடுத்து வச்சிருக்கலாம். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கெட்டுப்போன ஐபிய பட்டியல் போடுற ஸ்பாம்ஹவுஸ் சைட்ல தட்டிப் பாருங்க, மெயில் சர்வர் இருந்தா ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபி நம்பர வச்சு டொமைன் பேரக் காட்டுற பதிவு) போட்டுக் குடுப்பாங்களான்னும் எழுத்துல வாங்கிக்குங்க, போன்ல "போட்டுடலாம் சார்"ன்னு சொன்னத நம்புன ஒருத்தரு தீபாவளிக்கு முன்னாடி அனுப்புன கொட்டேஷன் பூராவும் ஸ்பேம் ஃபோல்டர்ல கெடந்தத பொங்கலுக்குத்தான் பாத்தோம்.