பியூர் டேட்டாவில் புதுக் குமிழ் சேர்த்தேன், பழைய பதிப்பில் கம்பியெல்லாம் மாறிப்போனது

போன மாதம் பியூர் டேட்டாவுக்கு (பெட்டிகளைக் கம்பியால் இணைத்து ஒலி உருவாக்கும் மென்பொருள்) நானே ஒரு திருகு குமிழ் எழுதினேன். ஸ்லைடர்தான் இருக்கிறதே என்பீர்கள். எனக்கு ஒலியளவு என்றால் வட்டமாகத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். என் கணினியில் அருமையாக ஓடியது. அதே பேட்சை (பெட்டிகளும் கம்பிகளும் சேர்ந்த கோப்பை) நண்பரின் லேப்டாப்பில் திறந்தோம். அவரிடம் இருந்தது 0.49 பதிப்பு. திறந்த நொடியே அவர் வலது காதில் முழு ஒலியளவில் ஒரு "பீ…". ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

தப்பு என்னுடையதுதான். நீங்களும் செய்யாமல் இருக்க எழுதுகிறேன். சி மொழியில் எக்ஸ்டர்னல் (பியூர் டேட்டாவுக்குத் தனியாக எழுதிச் சேர்க்கும் பெட்டி) எழுதி கம்பைல் செய்யத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பேட்சை டெக்ஸ்ட் எடிட்டரில் திறங்கள்

பேட்ச் கோப்பு வெறும் எழுத்துதான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி. தமிழ் எழுத்தில் காட்டினால் இப்படி இருக்கும்:

#எக்ஸ் ஆப்ஜ் 50 90 ஆஸ்க்~ 440;

கடைசியில் கம்பிகள்:

#எக்ஸ் கனெக்ட் 1 0 2 0;

"1ஆம் பெட்டியின் 0ஆவது வெளிவாயிலிலிருந்து 2ஆம் பெட்டியின் 0ஆவது உள்வாயிலுக்கு" என்று பொருள். பெட்டிக்குப் பெயரோ அடையாளமோ கிடையாது. கோப்பில் எத்தனையாவதாக வருகிறது என்பதே அதன் எண். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். எல்லா வம்பும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

படி 2: சேமிக்கும் ஃபங்ஷன் (என் காலை வாரியது இதுதான்)

0.52 பதிப்பில் லிஸ்ட் பெட்டி வந்தது. அது "ஆப்ஜ்" என்று சேமிக்கப்படுவதில்லை, "லிஸ்ட்பாக்ஸ்" என்ற தனிச் சொல்லோடு சேமிக்கப்படுகிறது. நான் பியூர் டேட்டாவின் மூலநிரலையே இறக்கி, அந்த லிஸ்ட் பெட்டியின் நிரலைப் பார்த்து அப்படியே காப்பியடித்தேன். என் குமிழும் "#எக்ஸ் குமிழ் …" என்று சேமித்தது.

என் பேட்சில் நாலே பெட்டிகள்: 0 குமிழ், 1 ஆஸ்க்~ (ஒலி எழுப்புவது), 2 பெருக்கல்~ (ஒலியளவை மாற்றுவது), 3 டேக்~ (ஹெட்ஃபோனுக்கு அனுப்புவது). குமிழ் போவது பெருக்கலின் வலது வாயிலுக்கு. அதாவது 0 0 2 1.

பழைய பதிப்புக்குக் "குமிழ்" என்ற சொல்லே தெரியாது. அப்படி ஒரு மெத்தட் இல்லை என்று கன்சோலில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பெட்டி உருவாகாது, அதன் இடமும் காலியாக விடப்படாது. இப்போது ஆஸ்க்~ 0, பெருக்கல்~ 1, டேக்~ 2. ஆனால் கம்பி வரி மட்டும் இன்னும் 0 0 2 1 என்றே சொல்கிறது. ஆஸ்க்~ நேராக டேக்~கின் வலது வாயிலுக்குப் போகிறது, நடுவில் பெருக்கலே இல்லை. நண்பரின் காதில் கேட்டது அதுதான்.

திருத்தம் ஒரே சொல். "#எக்ஸ் ஆப்ஜ் 50 40 குமிழ் 60;" என்று சேமியுங்கள். பழைய பதிப்பு அப்போதும் குமிழை உருவாக்காது. ஆனால் அந்த இடத்தில் கோடுகோடாக விளிம்பு போட்ட ஒரு பெட்டியை வைக்கும், கம்பிகளுக்குத் தேவையான பொய் வாயில்களையும் தானே முளைக்க வைக்கும். எண் வரிசை தப்பாது. அங்கேயே மறுபடி சேமித்தாலும் உங்கள் வரி அழியாது. சத்தம் வராது, சரி, காது பிழைக்கும்.

படி 3: ஆர்க்யுமென்ட்கள்

பியூர் டேட்டாவோடு கூடவே வரும் பேங் பெட்டியைப் (கிளிக் செய்தால் ஒரு தூண்டுதல் அனுப்புவது) பாருங்கள். சரியாக 14 ஆர்க்யுமென்ட் (வரியில் பெட்டியின் பெயருக்குப் பின் வரும் மதிப்பு) வந்தால்தான் படிக்கும். 15ஆவதாக ஒன்றைச் சேர்த்துச் சேமித்தால், பழைய பதிப்பு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு இயல்பு அளவில், இயல்பு நிறத்தில் ஒரு பேங்கை வரையும். உங்கள் பெட்டிக்கு இப்படி எண்ணிப் பார்க்கும் நிபந்தனை வைக்காதீர்கள். இருப்பதைப் படியுங்கள், கூடுதலாக இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். புதியதை எப்போதும் கடைசியில் மட்டும் சேருங்கள்.

ஆர்க்யுமென்டிலிருந்து எண் எடுக்கும் ஃபங்ஷன், அந்த இடத்தில் ஒன்றும் இல்லையென்றால் 0 தரும். உங்கள் இயல்பு மதிப்பு 127 என்றால், எத்தனை வந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டே எடுங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுது போனது எனக்கு.

படி 4: பெயர் மாற்றம், நடத்தை மாற்றம்

பெயரை மாற்ற ஆசை வந்தால் பழைய பெயரையும் இன்னொரு கிரியேட்டராக (அதே பெட்டியை உருவாக்கும் பெயராக) பதிவு செய்யுங்கள். எண் பெட்டி "என்பிஎக்ஸ்" என்றாலும் வரும், "மை_நம்பாக்ஸ்" என்றாலும் வரும். நடத்தையே மாறுகிறது என்றால் பழைய பெயரைத் தொடாதீர்கள், புதுப் பெயர் கொடுங்கள். உள்ளே ஒரு வடிகட்டியின் கணக்கை மாற்றியபோது பியூர் டேட்டாவில் வேறு வழி எடுத்தார்கள். ஹிப்~ என்ற அந்த வடிகட்டி 0.44இல் மாறியது, பழைய ஒலி வேண்டுமென்றால் கம்பேட்டிபிலிட்டி அளவை (எந்தப் பதிப்பைப் போல நடக்க வேண்டும் என்ற அமைப்பை) அதற்குக் கீழே வைக்கலாம். பியூர் டேட்டாவை உருவாக்கிய மில்லர் பக்கெட் பழைய பேட்ச்களைக் கைவிடாதவர், அதில் எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

படி 5: சோதனை

பக்கெட்டின் தளத்தில் பழைய பதிப்புகள் கிடைக்கும். இரண்டை இறக்கித் தனித்தனி ஃபோல்டரில் வையுங்கள், ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. புதியதில் சேமித்துப் பழையதில் திறந்து, அங்கே வேறு பெயரில் சேமித்து, இரண்டு கோப்புகளையும் டிஃப் (வேறுபாடு காட்டும் கருவி) போட்டுப் பாருங்கள். கண்ணால் பேட்சைப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்பதை நான் நம்புவதில்லை. முதல் முறை ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று: மூலநிரலைத் தொட வேண்டாம். பிடி-லிப்-பில்டர் (எக்ஸ்டர்னலைக் கம்பைல் செய்ய உதவும் கருவி) வைத்து எக்ஸ்டர்னலாகவே செய்யுங்கள். எக்ஸ்டர்னல் என்றால் "ஆப்ஜ்" வரியாகச் சேமிப்பதுதான் இயல்பான வழி, என்னைப் போல வழி தவற இடமே குறைவு.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், குமிழை நிறுவிய பிறகு தன் பேட்ச் வேறு மாதிரி ஆகிவிட்டது என்றார். அவர் ஃபோல்டரில் ஏற்கெனவே "குமிழ்" என்ற பெயரில், தனிக் கோப்பாகச் சேமித்துப் பெட்டிபோலப் பயன்படுத்தும் பேட்சான ஓர் அப்ஸ்ட்ராக்‌ஷன் இருந்திருக்கிறது. ஏற்கெனவே லோட் ஆகிவிட்ட கிளாஸைத்தான் பியூர் டேட்டா முதலில் எடுக்கும், பக்கத்திலிருக்கும் கோப்பைத் தேடவே போகாது. எல்ஸ் என்ற எக்ஸ்டர்னல் லைப்ரரியின் குமிழை "எல்ஸ்/நாப்" என்று முழுப் பெயரில் அழைக்க முடிவது இதற்கு வசதி. நானும் என்னுடையதை ஒரு லைப்ரரிப் பெயருக்குள் மாற்றிவிட்டேன், பழைய வெறும் பெயரையும் விட்டுவைத்தேன். அதனால் அவர் சிக்கல் முழுசாகத் தீரவில்லை. கடைசியில் அவர்தான் தன் அப்ஸ்ட்ராக்‌ஷனின் பெயரை மாற்றிக்கொண்டார்.