பீடி சுற்றும் பெண்களைப் படம் எடுக்கப் போகிறீர்களா?

திருநெல்வேலிப் பக்கம் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் தெருக்களில் மடியில் சுளகோடு பீடி சுற்றும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். புதிதாகக் கேமரா வாங்கி அவர்களைப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் நாள் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். திண்ணையில் உட்கார்ந்து வேலையைப் பாருங்கள். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் காடுகளிலிருந்து வரும் இலையை நனைத்து, தகடு வைத்து வெட்டி, புகையிலைத் தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டுகிறார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான். நீங்கள் பேச்சுக் கொடுத்து அவர்கள் கை நின்றால் நட்டம் அவர்களுக்கு.

இரண்டாவது, அனுமதி. வீட்டில் ஒருவர் தலையாட்டினால் போதாது. படத்தில் வரும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். படம் எங்கே வரும் என்றும் சொல்லுங்கள். ‘சும்மா ஒரு போட்டோக்கா’ என்று மழுப்பாதீர்கள். முக்கூடலில் ஒரு பெரியம்மா, “எய்யா, கைய மட்டும் எடுத்துக்கோ, மொகம் வேண்டாம்” என்றார். என்னிடம் இருப்பதிலேயே நல்ல படம் அதுதான்.

வெளிச்சத்துக்கு வாசலே போதும், ஃபிளாஷ் வேண்டாம். நீங்களும் தரையில் உட்காருங்கள். நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் விழும். 35 எம்எம் லென்ஸ், ஷட்டர் வேகம் 1/250 நொடி. விரல்கள் அவ்வளவு வேகம். உள்ளே இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 3200 வரை ஏற்றுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டினால் குடி முழுகிவிடாது.

அப்புறம், நான் சறுக்கிய இடம். இலை, தூள், பீடிக் கணக்கு எழுதப் பீடிக் கம்பெனி தருவது பாஸ் புத்தகம். அது சொந்தமாக இல்லாதவர்கள் வேறொருவர் பெயரில் சுற்றுவது உண்டு. ஒரு முறை சுளகுக்குப் பக்கத்தில் விரிந்து கிடந்த புத்தகம், பெயரும் எண்ணும் தெரிய, என் படத்தில் விழுந்திருந்தது. வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. வெளியிட்டிருந்தால் இரண்டு வீட்டுப் பிழைப்பில் மண் விழுந்திருக்கும். அழித்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு படத்தையும் மூலை மூலையாகத் துழாவிப் பார்க்கிறேன்: பாஸ் புத்தகம், கதவு எண், பள்ளிச் சீருடையோடு அம்மாவுக்குக் கை உதவி செய்யும் பிள்ளை. செல்போனில் எடுப்பவர்கள் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள்.

படக்குறிப்பை அன்றிரவே எழுதுங்கள். ‘வறுமையின் கோரப்பிடியில்’ எல்லாம் வேண்டாம். எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எழுந்திருக்கும்போது எத்தனை பீடி, அவ்வளவுதான்.

பிறகு ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பெரியம்மாவிடம் அவர் கைகளின் படத்தைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பேத்தி சடங்குக்கு வா. நல்ல சேல கட்டியிருப்பேன், அப்ப மொகத்தையும் எடு” என்றார்.