ஆசிட் ஆவி வரும் இடத்துக்கு வாட்டர் ரிங் வேக்வம் பம்ப் எடுப்பது எப்படி?

ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஆவி வரும் ரியாக்டருக்கு வாட்டர் ரிங் வேக்வம் பம்ப் வாங்கப் போகிறீர்கள் என்றால், விலை கேட்பதற்கு முன் சீல் தண்ணீரைப் பற்றி, அதாவது பம்ப்புக்குள் வளையமாகச் சுற்றும் தண்ணீரைப் பற்றி யோசியுங்கள், ஏனென்றால் பம்ப்பை அரிப்பது பெரும்பாலும் அதுதான். மையம் விலகிச் சுற்றும் இம்பெல்லர் (இறக்கைகள் கொண்ட சக்கரம்) அந்தத் தண்ணீரைக் கேசிங்கை, அதாவது வெளிக்கூட்டை ஒட்டி வளையமாக நிறுத்துகிறது, உள்ளே வரும் ஆசிட் ஆவி அந்த வளையத்தில் கரைகிறது. ஒருமுறை ஓடிய தண்ணீரை வெளியே விட்டுவிட்டால் ஆசிட் பெரிதாகச் சேராது. டேங்கில் சுற்றவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறிக்கொண்டே போகும்.

அதனால் டேங்க் தண்ணீரின் பிஹெச் எவ்வளவுக்கு இறங்கும், குளோரைடு எவ்வளவு சேரும் என்று கணக்குப் போட்டு, விற்பவரிடம் எழுத்தில் கொடுங்கள். "எஸ்எஸ் 316 (ஒரு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போதும் சார்" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அதில் 2-3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் சாதாரண 304 வகையை விடத் தாங்கும், அவ்வளவுதான். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுக்கு முன் நிற்காது. காஸ்டிக் ஊற்றி பிஹெச்சை 7க்குக் கொண்டுவந்தாலும் குளோரைடு உப்பாகத் தண்ணீரிலேயே இருக்கும், குழி குழியாக அரிக்கும், ஆகவே டேங்கிலிருந்து கொஞ்சம் தண்ணீரைத் தொடர்ந்து வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு பாலிப்ரொப்பிலீன் பம்ப் நல்ல தேர்வு, சூடு சுமார் 60 டிகிரிக்குள் இருக்கும்வரை. டொலுவின் மாதிரி சால்வென்ட் ஆவியும் சேர்ந்து வந்தால் அந்த பிளாஸ்டிக் உப்பிவிடும். அங்கே செலவைப் பார்க்காமல் ஹாஸ்டெல்லாய் சி என்ற நிக்கல் கலப்பு உலோகத்துக்குப் போங்கள். குளோரின் தனிக்கதை. ஈரமான குளோரினைத் தாங்கும் டைட்டானியம், உலர்ந்த குளோரினில் தீப்பிடித்து எரியும், அதனால் உலர்ந்த குளோரினுக்கு 98 சதவீத சல்ஃப்யூரிக் ஆசிட்டையே வளையத் திரவமாக வைத்து இரும்பு பம்ப்பில் ஓட்டுகிறார்கள். ஆனால் ஈரம் புகுந்து ஆசிட் நீர்த்துப்போனால் அதே இரும்பு கரைந்துவிடும்.

உடலைச் சரியாகப் பார்த்து வாங்கிவிட்டு ஓ-ரிங்கில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தில்) கோட்டை விடுபவர்கள் நிறைய. வைட்டான் ரப்பர் அசிட்டோனில் கெடும், இபிடிஎம் ரப்பர் எண்ணெயில் கெடும்.

அப்புறம் தண்ணீரின் சூடு. 15 டிகிரியில் தண்ணீரின் ஆவியழுத்தம் சுமார் 17 மில்லிபார், 32 டிகிரியில் கிட்டத்தட்ட 48. கோடையில் கூலிங் டவர் தண்ணீரை விட்டுக்கொண்டு 40 மில்லிபார் வேக்வம் கேட்டால் எந்தக் கம்பெனி பம்ப்பும் தராது, வளையமே கொதிக்கும், உள்ளே சரளைக்கல் உருளுவது போல் சத்தம் வந்து இம்பெல்லரின் மேற்பரப்பு பெயர ஆரம்பிக்கும். சத்தம் கேட்டதும் காற்றை உள்ளே விடும் வால்வைக் கொஞ்சம் திறங்கள், நிரந்தரத் தீர்வுக்கு சில்லர் தண்ணீர் கொடுங்கள்.

ஓட்டும்போது: ஷாஃப்ட் மட்டம் வரை தண்ணீர் நிரப்பிய பிறகே ஸ்டார்ட், ஒருபோதும் வறட்டு ஓட்டம் கூடாது. ஷிஃப்டுக்கு ஒருமுறை பிஹெச் பாருங்கள். வெளியேறும் காற்றிலும் ஆசிட் இருக்கும், அதை ஸ்க்ரப்பருக்கு (ஆவியைக் கழுவி எடுக்கும் கருவிக்கு) கொண்டுபோங்கள், பக்கத்தில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். நிறுத்துவதற்கு முன் கொஞ்ச நேரம் நல்ல தண்ணீரில் ஓடவிட்டு, நின்றதும் முழுக்க வடித்துவிடுங்கள்.