ஆல்பம் வராத ஆண்டுகளில் ஒரு பாப் பாடகரின் செல்வாக்கை அளப்பது எப்படி?

கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா, பெரிய வீடுகளின் அறுபதாம் கல்யாணம் என்று செட்டிநாட்டில் பாட்டுக் கச்சேரிக்கு ஆள் தேடும் குழுக்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது. சினிமாப் பின்னணிப் பாடகர்களை மட்டுமே அழைத்துவந்த இக்குழுக்களிடம், தனிப்பாடல்களால் பெயர் பெற்ற பாப் பாடகர்களையும் அழைத்து வாருங்கள் என்று இளைஞர்கள் இப்போது கேட்கிறார்கள். அப்போது குழுவில் ஒருவராவது, "அவர் ஆல்பம் போட்டு மூன்று வருடம் ஆயிற்றே, இன்னும் அவருக்குக் கூட்டம் வருமா?" என்று கேட்பார். அது நியாயமான கேள்வி. புள்ளி வரியாகவும் தலைக்கட்டு வரியாகவும், அதாவது குடும்பக் கணக்கில் வசூலித்துத் திரண்ட பணத்தை ஒரே இரவுக்குச் செலவிடுபவர்கள் அதைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் அதற்கான விடை பெரும்பாலும் ஊகமாகவே இருக்கிறது. குரல் உயர்த்திப் பேசியவரின் ஊகம் முடிவாகிவிடுகிறது. இரண்டு வார உழைப்பில், செலவில்லாமல், சான்றோடு விடை காணும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாடகரின் பெயர் மக்களுக்குத் தெரிந்திருப்பது ஒன்று. அவருடைய பாடல்களை மக்கள் தாமாகத் தேடிக் கேட்பது வேறொன்று. அவரைப் பார்க்க வீட்டைவிட்டுக் கிளம்பி வருவது மற்றொன்று. செய்திகளில் அடிபடும் பெயர் முதலாவதை மட்டுமே காட்டும். குழுவுக்குத் தேவை மூன்றாவது; அதை நேரடியாக அளக்க வழியில்லாததால், இரண்டாவதைக் கவனமாக அளந்து அதிலிருந்து மூன்றாவதை மதிப்பிட வேண்டியிருக்கிறது.

அடுத்து, பாடகரின் வெளியீடுகளைத் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். கடைசி ஆல்பம், அதற்குப் பின் வந்த தனிப்பாடல்கள், பிறருடைய பாடல்களில் பாடியவை, சினிமாவுக்குப் பாடியவை அல்லது இசையமைத்தவை ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும். தமிழில் இந்தப் பட்டியல் மிகவும் அவசியம். ஏனெனில் நம்மிடையே ஆல்பத்துக்கும் ஆல்பத்துக்கும் நடுவிலுள்ள காலம் வெற்றிடமாக இருப்பது அரிது. ஹிப்ஹாப் தமிழா குழுவினர் 2012இல் ஆல்பம் வெளியிட்டு, 2015இலிருந்து திரைப்படங்களுக்கு இசையமைக்கத் தொடங்கினார்கள். பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடி 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி', 2024 ஜனவரியில் வெளியான சாய் அபயங்கரின் 'கட்சி சேர' ஆகியவை முழு ஆல்பத்தின் துணையில்லாமல் தனிப்பாடல்களாகவே ஊரெங்கும் பரவின. ஆகவே "ஆல்பம் வரவில்லை" என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்குவது தவறான கணக்கு.

எண்களைப் படிக்கும் முறை

யூடியூப்பில் ஒரு பாட்டின் கீழ் தெரியும் மொத்தப் பார்வை எண்ணிக்கை, பாட்டு வெளியான நாளிலிருந்து சேர்ந்துவந்த கூட்டுத்தொகை. அது ஒருபோதும் பெரிதாகக் குறையாது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோடியைத் தொட்ட பாட்டை இன்று ஒருவரும் கேட்காவிட்டாலும் பத்துக் கோடி என்றே காட்டும். எனவே இன்று ஒரு நேரத்தில் அந்த எண்ணைக் குறித்து வைத்து, சரியாக ஏழு நாள் கழித்து அதே நேரத்தில் மீண்டும் குறித்து, இரண்டையும் கழித்துப் பாருங்கள். வாரம் ஒன்றுக்கு எத்தனை பார்வை என்ற அந்த வித்தியாசம்தான் இன்றைய நிலவரம். இதைப் பாடகரின் மிகப் புகழ்பெற்ற பாட்டுக்கு மட்டும் செய்தால் போதாது. அதே ஆல்பத்தில் விளம்பரமோ வீடியோவோ இல்லாமல் கிடக்கும் இரண்டு பாடல்களுக்கும் செய்யுங்கள். பெரிய பாட்டு மட்டும் நகர்ந்து மற்றவை அசையாமல் நின்றால், உயிரோடு இருப்பது அந்தப் பாட்டு. பாடகர் என்று முடிவு கட்ட இடமில்லை. அந்தச் சிறிய பாடல்களும் தம் அளவில் நகர்ந்துகொண்டிருந்தால், பாடகரை முழுமையாகக் கேட்கும் ஒரு கூட்டம் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். இவ்வழிகாட்டியில் ஒரே ஒரு சோதனையைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் காட்டப்படும் மாதாந்தரக் கேட்பாளர் எண்ணிக்கை இதற்கு நல்ல துணை. அது கடந்த 28 நாட்களில் கேட்ட தனித்தனி நபர்களைக் கணக்கிடுவதால் பழைய புகழ் அதில் தேங்கி நிற்பதில்லை. இன்ஸ்டாகிராம் பின்தொடர்வோர் எண்ணிக்கைக்கு நான் மதிப்புத் தருவதில்லை. ஒருமுறை பின்தொடர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆர்வம் போன பின்னும் விலகுவதில்லை.

கூகுளில் ஒரு சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் பக்கத்தில் பாடகரின் பெயரை இட்டு, இடத்தைத் தமிழ்நாடு என்றும் காலத்தை ஐந்து ஆண்டுகள் என்றும் தேர்ந்தெடுங்கள். பூஜ்யத்திலிருந்து நூறு வரை வரும் அந்தக் கோடு எத்தனை பேர் தேடினார்கள் என்பதைச் சொல்லாது. அந்தக் காலத்தில் மிக அதிகமாகத் தேடப்பட்ட வாரத்தை நூறாக வைத்து மற்ற வாரங்களை ஒப்பிட்டுக் காட்டும். எல்லோரும் அதில் சிகரத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் பள்ளத்தைப் பாருங்கள். ஆல்பம் வெளியான வாரத்தில் நூறைத் தொட்ட கோடு, ஆரவாரம் அடங்கிய பின் எந்த மட்டத்தில் வந்து நிற்கிறது, அந்த மட்டம் ஆண்டுக்கு ஆண்டு நிலையாக இருக்கிறதா, சரிந்துகொண்டே போகிறதா என்பதே நமக்கு வேண்டியது. நடுவில் திடீரென்று ஒரு சிகரம் தெரிந்தால், அந்த வாரத்தின் செய்திகளைத் தேடிக் காரணத்தைக் கண்டறியுங்கள். திருமணம், விவாகரத்து, வழக்கு, மேடைச் சண்டை ஆகியவற்றால் எழுந்த சிகரத்தை அடித்துவிட்டு மீதியைக் கணக்கில் கொள்ளுங்கள். இன்னொன்று: இருவரை ஒப்பிடுவதாக இருந்தால் இரு பெயர்களையும் ஒரே வரைபடத்தில் இட வேண்டும், தனித்தனி வரைபடங்களின் நூறுகள் சமமானவை அல்ல.

ஆல்பம் வெளியான முதல் மூன்று மாதங்களில் இந்த அளவீடுகளைச் செய்யாதீர்கள். அப்போது தெரிவது விளம்பரத்தின் பலம்.

இடைவெளியின் வகையை அறிவது

எண்களைத் திரட்டிய பின், பாடகர் எந்த வகையான இடைவெளியில் இருக்கிறார் என்று கண்டுகொள்ள வேண்டும். உலகப் பாப் இசையின் பெரிய பெயர்கள் இதற்கு நல்ல பாடங்கள். மைக்கேல் ஜாக்சன் 1982 இறுதியில் ஓர் ஆல்பத்தையும் 1987 ஆகஸ்டில் அடுத்ததையும் வெளியிட்டார்; நடுவில் தொலைக்காட்சி மேடையில் பின்னோக்கி வழுக்கிச் செல்லும் மூன்வாக் நடனத்தை முதன்முறையாக ஆடியது, குறும்படம் போன்ற பாடல் வீடியோ, சகோதரர்களுடன் சுற்றுப்பயணம், 1985இல் பல பாடகர்களுடன் சேர்ந்து பாடிய நிதி திரட்டும் பாடல் என்று மக்கள் கண்முன் அவர் இருந்துகொண்டே இருந்தார். தென்கொரியாவின் பிடிஎஸ் குழுவினர் 2022 டிசம்பரிலிருந்து ஒருவர் பின் ஒருவராகக் கட்டாய இராணுவச் சேவைக்குச் சென்று, 2025 ஜூனில்தான் அனைவரும் திரும்பினார்கள். முன்கூட்டியே பதிவு செய்து வைத்த தனி ஆல்பங்கள் அவர்கள் சேவையில் இருந்தபோதே வெளிவந்தன. இவை உழைப்பால் நிரப்பப்பட்ட இடைவெளிகள்.

அடெல் 2015 நவம்பருக்குப் பின் 2021 நவம்பரில்தான் அடுத்த ஆல்பத்தை வெளியிட்டார். சுற்றுப்பயணம் 2017இல் முடிந்த பிறகு பெரும்பகுதி அமைதிதான். ஆனாலும் திரும்பி வந்தபோது கேட்பவர்கள் காத்திருந்தார்கள். ஷாடே குழுவினர் 2000க்குப் பின் பத்து ஆண்டுகள் கழித்து 2010இல் ஆல்பம் வெளியிட்டபோது அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. இவர்களுக்கு அமைதி கெடுதல் செய்யவில்லை, ஏனெனில் பழைய பாடல்களின் பள்ள மட்டம் உயரமாகவே இருந்தது.

நம் கேள்விக்கு மிக நெருங்கிய உதாரணம் ரிஹானா. அவருடைய கடைசி ஆல்பம் 2016 ஜனவரியில் வந்தது. 2017இல் அழகுசாதன நிறுவனம் தொடங்கினார். அதனால் பெயர் நிலைத்தது என்பது உண்மை. ஆனால் 2023 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளை மேடையிலும், 2024 மார்ச்சில் ஜாம்நகரில் அம்பானி வீட்டுத் திருமணத்துக்கு முந்தைய விழாவிலும் அவர் ஏறியபோது மக்கள் கேட்டது பழைய பாடல்களைத்தான். ஒரு விழாவுக்கு அழைக்கப்படும் பாடகரிடம் புதிய ஆல்பம் இருக்க வேண்டிய அவசியமில்லை. கூட்டம் சேர்ந்து பாடக்கூடிய பாடல்கள் ஒரு மேடைக்குப் போதுமான அளவு இருக்க வேண்டும்.

பாடகர் எதுவும் செய்யாமலே பாட்டு திரும்பி வருவதும் உண்டு. கேட் புஷ் 1985இல் வெளியிட்ட ஒரு பாட்டு, தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஒலித்ததால் 2022இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. மரியா கேரியின் 1994ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் பாட்டு 2019 டிசம்பரில்தான் அமெரிக்கப் பட்டியலில் முதன்முதலாக முதலிடம் அடைந்தது. இதைப் புரிந்துகொள்ள நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. ஆடி பிறந்தால் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் குழாய் ஒலிபெருக்கிகளில் ஏறிவிடுகின்றன. 1988இல் மறைந்த சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டோடுதான் இன்றும் மைக் செட் வேலையைத் தொடங்குகிறது. பருவத்தோடு ஒட்டிக்கொண்ட பாட்டுக்கு இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அப்படிப்பட்ட பாடகரை அளக்கும்போது, பருவ மாதத்தில் ஒரு முறையும் பருவமல்லாத மாதத்தில் ஒரு முறையும் அளந்து இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

ஆல்பம் என்ற அளவுகோல் இசையைவிட வயதில் மிக இளையது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன் படத்தயாரிப்பில் பெயர் பெறுவதற்கு முன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக இசைத்தட்டு வணிகம் செய்தார். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அன்றைய தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் பாடகரை மக்களிடம் கொண்டுசென்றது நாடக மேடையும் கச்சேரி மேடையும்தான்.

ஊருக்குள் விசாரிப்பது

எண்கள் தமிழ்நாட்டைக் காட்டும். உங்கள் ஊரைக் காட்டா. அதற்கு நேரில் போக வேண்டும். முதலில் பார்க்க வேண்டியவர்கள் உள்ளூர் லைட் மியூசிக் குழுவினர். மேடைக்கு மேடை துண்டுச் சீட்டில் வரும் விருப்பப் பாடல்களை அவர்களைப்போல் அறிந்தவர்கள் வேறு யாருமில்லை. கீபோர்டு வாசிப்பவரிடமும் சவுண்டு சர்வீஸ்காரரிடமும் அண்மை மேடைகளில் எந்தப் பாடல்கள் கேட்கப்பட்டன என்று பொதுவாகக் கேளுங்கள். பாடகரின் பெயரை நீங்கள் முதலில் சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டால் மரியாதைக்காகவாவது "நன்றாகப் போகும்" என்பார்கள்.

பிறகு மூன்று வெவ்வேறு வயதுப் பிரிவினரிடம் பேசுங்கள். அழகப்பா பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் மாணவர்கள், தேவகோட்டைப் பேருந்தில் பாட்டுப் போடும் ஓட்டுநர், முகப்பில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளின் போனில் பாட்டுக் கேட்கும் ஆச்சி என்று வேறுபட்டவர்களாக இருக்கட்டும். "ஆச்சி, இந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டு, பாட்டின் முதல் வரியை மட்டும் ஒலிக்கவிட்டு நிறுத்துங்கள். அடுத்த வரி அவர் வாயிலிருந்து வந்தால் அதுவே சான்று. பெயர் தெரியாவிட்டாலும் கவலையில்லை. குடும்பத்தோடு வரும் திருவிழாக் கூட்டத்துக்கு இம்மூன்று பிரிவினரில் இரு பிரிவினராவது பாட வேண்டும். கல்லூரி விழாவுக்கு மாணவர்கள் பாடினால் போதும்.

கடைசியாக, அந்தப் பாடகர் கடந்த ஓராண்டில் பாடிய மேடைகளைப் பார்வையாளர்களே போனில் எடுத்துப் போட்ட வீடியோக்களில் பாருங்கள். பாடகர் தரப்பு வெளியிடும் வீடியோவில் கூட்டத்தின் ஒலியைக் கூட்டிச் சேர்த்திருக்கலாம். பார்வையாளரின் போன் அப்படிச் செய்யாது. மேடையைவிடக் கூட்டத்தைக் கவனியுங்கள். எந்தப் பாட்டில் கூட்டம் சேர்ந்து பாடுகிறது, எந்தப் பாட்டில் பேச்சுச் சத்தம் எழுகிறது, தொண்ணூறு நிமிட நிகழ்ச்சியில் சேர்ந்து பாடியவை எத்தனை என்று எண்ணுங்கள். ஐந்தாறு பாடல்கள் தேறினால் அந்த மேடை நிற்கும் என்பது என் கருத்து. ஒன்று மட்டும் தேறினால், அந்தப் பாட்டுக்கு முன்னும் பின்னும் மேடையைத் தாங்க வேறு பாடகர்களையும் சேர்த்து ஏற்பாடு செய்யுங்கள்.

இந்த விசாரணையின் முடிவைச் சம்பளத்தைக் குறைக்கும் ஆயுதமாக ஆக்கிவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆல்பம் வராத காலத்திலும் பாடகர் எழுதுகிறார், பயிற்சி செய்கிறார், வாத்தியக்காரர்களுக்குக் கூலி கொடுக்கிறார். மக்கள் சேர்ந்து பாடும் பாடல்கள் அவரிடம் இருக்கும்போது, "இந்த வருடம் ஒன்றும் வரவில்லையே" என்று ஏஜென்ட்டிடம் பேரம் பேசுவது, உழைப்புக்கு உரிய விலையை மறுப்பதாகும். பாடல்கள் தேறவில்லை என்றால் அழைக்காமல் இருப்பதே இரு தரப்புக்கும் மரியாதை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் புதிய வெளியீடு ஏதேனும் விழா நாளை ஒட்டி வருகிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வந்தால் அந்தப் பாடல்களில் எத்தனையை மேடையில் பாடுவார் என்றும், கூட்டம் எதிர்பார்க்கும் பழைய பாடல்கள் எவை கட்டாயம் இடம்பெறும் என்றும் அதே தாளில் குறித்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தள்ளியிருக்கும் விழாவானால், ஏழு நாள் கணக்கை மட்டும் விழாவுக்கு இரண்டு மாதம் முன்பு இன்னொரு முறை எடுத்து, பந்தலின் அளவையும் நாற்காலி எண்ணிக்கையையும் அதன்படி முடிவு செய்யுங்கள்.