டாலி வரையாத டாலி படங்கள்

ஒருநாள் காலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு படம் போட்டார். கடலுக்குள் நீளும் ஒரு கல் பாலம். அதன் வளைவுகளைப் பார்த்துக்கொண்டே போனால், எந்த இடத்தில் என்று பிடிபடாமலே அவை பாய்மரக் கப்பல்களாகிவிடுகின்றன. கீழே, "டாலியின் அற்புத ஓவியம். காலை வணக்கம்."

கனவுபோன்ற படங்களுக்குப் பேர்போன ஸ்பெயின் ஓவியர் சால்வடோர் டாலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வரைந்தவர் கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த ராப் கொன்சால்வெஸ் (1959–2017). கனவுபோல் எதைப் பார்த்தாலும் டாலி கணக்கில் எழுதிவிடுவது நம் பழக்கம். விசித்திர ஓவியங்களைத் தேடத் தொடங்குகிறவர்கள் முதலில் சறுக்குவதும் இங்கேதான். படத்தைச் சேமித்துக்கொள்வார்கள், பெயரை விட்டுவிடுவார்கள். பெயர் இல்லாவிட்டால் அந்த ஒரு படத்தோடு சரி, அடுத்த படத்துக்குப் போக வழி கிடையாது. பெயர் தெரிந்தால் கொன்சால்வெஸ் கட்டடக்கலை படித்தவர், கட்டட வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர், நாடக மேடைகளுக்கும் வரைந்தவர் என்பதெல்லாம் தெரியவரும். அப்புறம் அதே பாலத்தைப் பாருங்கள். ஒன்று இன்னொன்றாக மாறும் இடத்தில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பது புரியும்.

பெயரைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையும் இல்லை. படத்தைக் கூகுள் லென்ஸில் போடலாம். படத்தை வைத்தே தேடும் டின்ஐ (TinEye) தளத்தில் பழைய பதிவு முதலில் வரும்படி வரிசைப்படுத்தவும் முடியும். முதலில் கிடைக்கும் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். தவறான பெயரும் ஆயிரம் முறை பகிரப்பட்டிருக்கும். ஓவியரின் சொந்தத் தளமோ, அவர் படங்களை விற்கும் ஓவியக் காலரியோ வரும்வரை போக வேண்டும்.

இப்போது இதில் செயற்கை நுண்ணறிவுப் படங்களும் கலந்துவிட்டன. கையில் ஆறு விரல் இருக்கிறதா என்று எண்ணிக் கண்டுபிடிக்கும் காலம் மலையேறிவிட்டது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த ஆளுக்குப் பழைய படங்கள் உண்டா? பென்சில் கிறுக்கல், சரியாக வராத ஓவியம், பத்து வருடத்தில் மாறிய கை? நேற்றுப் பிறந்த கணக்கில் ஐந்நூறு படம், எல்லாம் ஒரே பளபளப்பு என்றால் நான் நகர்ந்துவிடுவேன்.

அடுத்த தவறு, விசித்திரமாக இருப்பதையெல்லாம் 'சர்ரியல்' என்பது. சர்ரியலிசம் என்பது 1924இல் பாரிஸில் ஆந்த்ரே பிரெத்தோன் அறிக்கை எழுதித் தொடங்கிவைத்த இயக்கம். அறிவின் காவலை விலக்கி ஆழ்மனத்தைப் பேசவிடுவது அதன் கனவு. கொன்சால்வெஸ் நேர்மாறு, ஒவ்வொரு அங்குலத்தையும் திட்டமிட்டவர். அதனால் அவருடைய படங்களை மாய யதார்த்தம், அதாவது அன்றாட உலகத்துக்குள் மாயம் இயல்பாகக் கலந்துவிடுவது, என்றே பலரும் சொல்கிறார்கள். சிறுபத்திரிகை படித்தவர்களுக்குப் பழகிய சொல்தான்.

இந்தக் குழப்பம் நம் நாட்டு ஓவியர்களிடம் வரும்போது அநியாயமாகிவிடுகிறது. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷ்யாம் லண்டனுக்கு ஓர் உணவகத்தின் சுவர்களில் வரையப் போனார். அங்கே கண்டதை அவர் வரைய, சென்னையின் தாரா புக்ஸ் அதைப் புத்தகமாக்கியது. அதில் பிக் பென் கடிகாரம் சேவலோடு ஒன்றாகியிருக்கும். சுரங்க ரயில் ஒரு பெரிய மண்புழு. பார்த்ததும் 'சர்ரியல்!' என்று வாய் வரை வரும். ஆனால் ஊரில் பொழுதைச் சொல்வது சேவல், மண்ணுக்கு அடியில் போய்வருவது மண்புழு. அவர் கனவு காணவில்லை, லண்டனைத் தன் மொழியில் பெயர்த்திருக்கிறார். அதே தர்க்கத்தில் நம் கோயில் தூணில் நிற்கும் யாளியும் சர்ரியலிசம் இல்லை. (இதை ஒரு நண்பரிடம் ஒரு மணி நேரம் வாதாடியிருக்கிறேன். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.)

'குழந்தைப் புத்தகப் படம்தானே' என்று ஒதுக்குவது இன்னொன்று. ஆஸ்திரேலிய ஓவியர் ஷான் டான் 2006இல் வெளியிட்ட 'தி அரைவல்' நூலில், ஒரு வார்த்தைகூட இல்லாமல், குடும்பத்தை விட்டு அந்நிய நகரத்தில் வந்து இறங்கும் ஒருவனின் கதை ஓடுகிறது. அந்த ஊரின் எழுத்து டான் இட்டுக்கட்டியது, அவனாலும் படிக்க முடியாது, நம்மாலும் முடியாது. வீட்டுக்குள் வாலும் பெரிய வாயுமாக ஒரு பிராணி உட்கார்ந்திருக்கும். வேடிக்கைதான். ஆனால் டானின் அப்பாவே மலேசியாவிலிருந்து ஆஸ்திரேலியா போனவர். வீட்டில் யாராவது வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த நூலை விளக்கத் தேவையில்லை. மெக்சிகோவில் வாழ்ந்த ஓவியர் லியனோரா காரிங்டன் தன் பிள்ளைகளுக்காகச் சொல்லி வரைந்த கதைகளும் அப்படித்தான். அவற்றின் தொகுப்பிலிருந்துதான் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சி 2022இல் 'கனவுகளின் பால்' என்ற தலைப்பை எடுத்துக்கொண்டது. அவர் 1945இல் வரைந்த ஓர் ஓவியம் 2024இல் 2 கோடியே 85 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. டாலியோடும் பெல்ஜிய ஓவியர் மாக்ரித்தோடும் நின்றுவிடுகிறவர்கள் இவரையும் இவருடைய ஓவியத் தோழி ரெமெடியோஸ் வாரோவையும் தவறவிட்டுவிடுகிறார்கள்.

'இதற்கு என்ன அர்த்தம்?' என்பதை முதல் கேள்வியாகக் கேட்பதும் வேண்டாம். போலந்து ஓவியர் பெக்ஷின்ஸ்கி தன் ஓவியங்களுக்குத் தலைப்பே வைக்கவில்லை. பார்க்கிறவன் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க வழியில்லை. நான் பழகிக்கொண்டது வேறு கேள்வி: வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது? அதைத் தேடினாலே படத்துக்குள் ஐந்து நிமிடம் உலவிவிடுவோம்.

அளவையும் பாருங்கள். டாலியின் புகழ்பெற்ற உருகும் கடிகார ஓவியம் சுவர் முழுக்க விரிந்திருக்கும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். 24க்கு 33 சென்டிமீட்டர், அவ்வளவுதான்; ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது. கைப்பேசித் திரையில் எல்லாம் ஒரே அளவு.

பெரியப்பாவுக்குக் கொன்சால்வெஸ் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். 'சரிப்பா' என்றார். மறுநாள் காலை அதே ஓவியரின் இன்னொரு படம் வந்தது, இம்முறை பெயரோடு. நடுவில் ஒரு சிவப்பு ரோஜாவை மட்டும் அவரே ஒட்டியிருந்தார்.