குழித்துறையாறா, தாமிரபரணியா? சிறிய கடலோர ஆற்றைக் குறிப்பெடுக்கும் முறை

சிறிய கடலோர ஆறு ஒன்றைப் பற்றி எழுத முற்படுவோர் பெரும்பாலும் மலையிலிருந்து தொடங்குகின்றனர். ஆற்றுக்குத் தலைகள் பல இருக்கக்கூடும், கடலைத் தொடும் வாய் பொதுவாக ஒன்றுதான் என்பதால், முகத்துவாரத்திலிருந்து மேலேறிச் செல்வதே குழப்பத்தைக் குறைக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலைச் சேரும் ஆற்றை எடுத்துக்கொள்வோம். அங்குள்ளோர் பொழிமுகம் என்று சொல்லும் அந்த இடமே குறிப்பேட்டின் முதல் வரியாக அமைய வேண்டும்.

அங்கிருந்து மேலேறும்போது, ஒவ்வோர் ஊரிலும் வழங்கும் பெயரை அந்த ஊர்ப்பெயருடன் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசையில் முன்னோர்க்கு நீர்க்கடன் செலுத்தும் வாவுபலி நடைபெறும் குழித்துறைக் கரையில் இது குழித்துறையாறு. தாமிரபரணி என்ற பெயரும் உண்டு. எது சரி என்று அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்க வேண்டாம், இரண்டும் வழக்கில் உள்ளவையே.

திருவட்டாற்றுக்கு அருகில் மூவாற்றுமுகத்தை அடைந்ததும் சற்றே நிற்க வேண்டும். கோதையாறும் பறளியாறும் இங்கே கூடுகின்றன. வருவன இரண்டு, கூடிச் செல்வது ஒன்று என மூன்றாக எண்ணியே இப்பெயர் அமைந்தது என்று நான் கொள்கிறேன். இனி இரு கிளைகளுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள்: கோதையாற்றில் திற்பரப்பு அருவியும் 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும், பறளியாற்றில் பெருஞ்சாணி அணையும் உள்ளன.

பெயர்க்காரணம் எழுதும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. ஆறு வட்டமாகச் சுற்றுவதால் திருவட்டாறு என்பது கேட்க இனிய விளக்கம். ஆனால் நம்மாழ்வார் பாடியிருப்பது ‘வாட்டாறு’ என்ற நெடில் வடிவம் என்பதால், இன்றைய ஒலியை மட்டும் வைத்துப் பொருள் சொல்லுவது ஆபத்தானது.

மாத்தூர் தொட்டிப்பாலமும் புதியவர்களை ஏமாற்றக்கூடியது. பாலத்தின் மேல் நடக்கையில் கைக்கெட்டும் தூரத்தில் தொட்டியில் ஓடுவது கால்வாய் நீர். பறளியாறு நூறடிக்கும் கீழே, மரங்களுக்கிடையே குறுக்காகச் செல்கிறது. கால்வாயைக் கிளையாறாக வரைந்துவிடக் கூடாது.

இறுதியில் தலைப்பை இவ்வாறு எழுதலாம்: ‘தாமிரபரணி (குழித்துறையாறு), கன்னியாகுமரி மாவட்டம், மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் கலப்பது.’ கிழக்கே பாய்ந்து மன்னார் வளைகுடாவைச் சேரும் திருநெல்வேலித் தாமிரபரணியிலிருந்து இதனைப் பிரித்துக்காட்ட, மாவட்டமும் திசையும் தலைப்பிலேயே இடம்பெற வேண்டும்.