ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் சர்வர் சொந்தமா போடுறீங்களா? கத்துற எரரை விடுங்க, கம்முனு இருக்குறதைப் பாருங்க

சேலம் அம்மாபேட்டைல ஒரு போட்டோ ஸ்டுடியோ அண்ணனுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நான்தான் மினியோ போட்டுக் குடுத்தேன், க்ளவுட் மாதிரி ஃபைலை நெட்வொர்க் வழியா ஏத்தி எடுக்க நம்ம மிஷின்லயே ஓடுற ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் சர்வர் அது. முகூர்த்த மாசம்னா ஒரு கல்யாணத்துக்கே 300, 400 ஜிபி வந்துரும், மூணு கேமரா, ட்ரோன், கேண்டிட் தனி, இதையெல்லாம் க்ளவுட்ல ஏத்தி மாசா மாசம் டாலர்ல பில் கட்ட அவருக்கு கட்டுப்படியாகாது. பழைய அசெம்பிள்டு பிசி ஒண்ணு, 480 ஜிபி எஸ்எஸ்டி, 8 டிபி ஹார்ட்டிஸ்க், மேல உபுண்டு. பத்து நிமிஷத்துல எல்லாம் ஓடிருச்சு, நானும் பெரிய ஆளு மாதிரி தட்டுவடை செட் சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

அடுத்த சித்திரைல ஒரு ராத்திரி கோடை மழை, நல்ல இடி, கரண்ட் போய்ப் போய் வந்துச்சு. நாலு நாள் கழிச்சு போன். "தம்பி, பழைய ஆல்பம் ஒண்ணையும் காணோம், நேத்து ஏத்துன கல்யாணம் மட்டும் இருக்கு, அதுவும் பாதில நிக்குது." போய்ப் பார்த்தா எஸ்எஸ்டி 100 சதவீதம் ரொம்பிப் போச்சு, 8 டிபி டிஸ்க் மவுன்ட்டே ஆகல, அதாவது சிஸ்டத்தோட சேரவே இல்ல. சாட்டா கேபிள் லூஸ், அவ்ளோதான் விஷயம். ஆனா பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்க மாட்டணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல "நோஃபெயில்"னு போட்டு வச்சது நான், அதனால டிஸ்க் இல்லாமயே மிஷின் சந்தோஷமா பூட் ஆகிருச்சு. மவுன்ட் பாயின்ட், அதாவது டிஸ்க் வந்து உட்காரவேண்டிய இடம், எஸ்எஸ்டில வெறும் காலி போல்டரா இருந்துச்சு, மினியோ அதைப் பார்த்து ஓ புது டிஸ்க்னு நினைச்சு முதல்லருந்து ஆரம்பிச்சிருச்சு. பக்கெட்டே, அதாவது ஃபைலைப் போட்டு வைக்குற பெரிய டப்பாவே இல்லையே, அப்லோடாவது ஃபெயில் ஆகிருக்கணும்ல? ஆகாது, ஏன்னா "பக்கெட் இல்லன்னா நீயே உருவாக்கிக்கோ"ன்னு அப்லோட் ஸ்க்ரிப்ட்ல எழுதுன புத்திசாலியும் நான்தான்.

இந்த நாலு நாள்ல எஸ்எஸ்டி ரொம்புற வரைக்கும் ஒரு எரர் கூட வரல பாருங்க. அதனாலதான் சொல்றேன், இந்த வேலைல சிவப்புக் கலர்ல கத்துற தப்பு நல்ல தப்பு, அன்னைக்கே சரி பண்ணிருவீங்க. எல்லாம் ஓகேன்னு சொல்லிக்கிட்டே உள்ள அரிக்குறதுதான் ஆபத்து.

இதுக்கு வைத்தியம் மூணு. டிஸ்க்கை எஸ்டிபி, எஸ்டிசின்னு பேர் சொல்லி மவுன்ட் பண்ணாதீங்க, அந்தப் பேர் அடுத்த பூட்ல மாறலாம், நாம வைக்குற லேபிளோ, டிஸ்க்கோட மாறாத யுயுஐடி நம்பரோ போடுங்க. ரெண்டாவது, டிஸ்க் மவுன்ட் ஆகாம காலியா இருக்கும்போதே அந்த போல்டருக்கு சிஹெச்அட்ர் (chattr) கமாண்ட்ல பிளஸ் ஐ (+i) குடுத்துருங்க, அதுக்கப்புறம் ரூட் யூசரே வந்தாலும் அதுல ஒரு ஃபைல் எழுத முடியாது, டிஸ்க் மவுன்ட் ஆனா மட்டும் எழுதலாம். சின்ன வேலைதான், என்னை மாதிரி ஆளுங்களுக்கு இது உயிர்காப்பான். மூணாவது, மினியோவை ஸ்டார்ட் பண்ற சிஸ்டம்டி சர்வீஸ் ஃபைல்ல இந்த மவுன்ட் இல்லாம ஸ்டார்ட் ஆகாதேன்னு ஒரு வரி. அந்த நாலு நாள் டேட்டாவை எப்படி ஒட்ட வச்சோம்னா, எஸ்எஸ்டி போல்டரை வச்சு வேற போர்ட்ல ரெண்டாவது மினியோ ஒண்ணு ஓட்டி, அதுலருந்து 8 டிபி டிஸ்க்ல ஓடுற மினியோவுக்கு மிர்ரர் பண்ணோம். போல்டரை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணிறலாம்னு அண்ணன் சொன்னாரு, அது நடக்காது.

ஏன் நடக்காதுன்னா, ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் உள்ள உங்க ஃபைல் ஃபைலா இருக்காது. மினியோல போட்டோ பேர்ல ஒரு போல்டர் இருக்கும், அதுக்குள்ள எக்ஸ்எல் டாட் மெட்டான்னு ஒண்ணு இருக்கும், பெரிய ஃபைலா இருந்தா பார்ட் டாட் 1னு துண்டு துண்டா கிடக்கும். கராஜ்னு இன்னொரு ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர் இருக்கு, அதுல இன்னும் மோசம், எல்லாம் ஹாஷ் பேர்ல பிளாக் பிளாக்கா இருக்கும், மெட்டாடேட்டா, அதாவது எது எங்க இருக்குன்ற குறிப்பு, போச்சுன்னா எந்த பிளாக் எந்த போட்டோன்னு பிரம்மாவுக்கே தெரியாது. அதனால அந்த டேட்டா போல்டரை சாம்பால நெட்வொர்க் போல்டரா ஷேர் பண்ணி கம்ப்யூட்டர்லருந்து நேரா திறக்குறது, நடுவுல ஒரு ஃபைலைத் தூக்கிப் போடுறது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

எந்த சாஃப்ட்வேர்னு கேட்டா, இப்போ புதுசா போடுறவங்க பழைய யூட்யூப் வீடியோவைப் பார்த்து மினியோ போட்டுட்டு, அதுல காட்டுற மெனு நம்ம ஸ்க்ரீன்ல இல்லையேன்னு தேடுறாங்க. 2021லயே லைசென்ஸை அப்பாச்சிலருந்து ஏஜிபிஎல்லுக்கு மாத்துனாங்க, 2025ல இலவச பதிப்போட வெப் கன்சோல்லருந்து அட்மின் வசதிகளை எடுத்துட்டாங்க, அதே வருஷக் கடைசில ரெடிமேட் டாக்கர் இமேஜ், அதாவது எடுத்து அப்படியே ஓட்டுற பேக்கேஜ், விடுறதையும் நிறுத்திட்டாங்க. பழசு ஓடுதுன்னா ஓடட்டும், ஆனா பழைய இமேஜை அப்படியே இன்டர்நெட்ல தொறந்து வைக்காதீங்க. புதுசுன்னா நான் கராஜ்தான் சொல்லுவேன், பிரான்ஸ்ல ஒரு குழு ரஸ்ட் மொழில எழுதுனது, வேற வேற வீட்ல இருக்குற சுமாரான மிஷினுங்களைச் சேர்த்து ஓட்டுறதுக்குன்னே செஞ்சது. லட்சக்கணக்குல குட்டிக் குட்டி ஃபைல்னா, இளம்பிள்ளை சேலைக் கடைக்காரங்க ஆன்லைன்ல விக்கிறதுக்கு எடுக்குற படம் மாதிரி, சீவீட்எஃப்எஸ் பாருங்க.

கராஜ்ல எல்லாரும் முட்டிக்கிற இடம், சர்வர் எந்த இடம்னு குறிக்குற ரீஜன் பேர். அதோட சாம்பிள் கான்ஃபிக்ல ரீஜன் பேரே "கராஜ்"னு இருக்கும், க்ளையன்ட்ல நீங்க பழக்கதோஷத்துல யுஎஸ் ஈஸ்ட் ஒண்ணுன்னு போட்டிருப்பீங்க, உடனே கத்தும். கத்துறது நல்லதுதானே, மாத்திருங்க. எந்த மிஷின்ல எவ்ளோ இடம்னு லேஅவுட் போட்டுட்டு அப்ளை குடுக்க மறக்குறதும் இதே ஜாதி. கம்முனு இருக்குற தப்பு வேற, மெட்டாடேட்டாவையும் அதே ஹார்ட்டிஸ்க்ல வைக்குறது. எஸ்எஸ்டில தனியா வைங்க, இல்லன்னா நாளாக நாளாக நொண்டும். அதோட மெட்டாடேட்டா இருக்குற எல்எம்டிபின்ற டேட்டாபேஸ் கரண்ட் பட்டுனு போனா கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு, அதனால ஆட்டோ ஸ்னாப்ஷாட் வசதியை ஆன் பண்ணி வைங்க. நம்ம ஊர்ல யுபிஎஸ் இல்லாம இந்த வேலைல இறங்கவே கூடாது, மெயின் கரண்ட் போனா மிஷினை ஒழுங்கா ஷட்டவுன் பண்ண யுபிஎஸ் யுஎஸ்பி ஒயரையும் சொருகணும், அந்த ஒயர் முக்கால்வாசிப் பேர் வீட்ல டப்பாக்குள்ளயே இருக்கு.

டிஸ்க் கணக்குக்கு வருவோம். நாலு 8 டிபி டிஸ்க் வாங்கிட்டு 32 டிபி கிடைக்கும்னு கல்யாண ஆர்டர் எடுத்துட்டாரு இன்னொருத்தர். மினியோல நாலு டிஸ்க் போட்டா தானா ரெண்டு டிஸ்க் அளவுக்கு பேரிட்டி, அதாவது டிஸ்க் போனா மீட்க வைக்குற உபரி டேட்டா, எடுத்துக்கும், உங்களுக்கு 16தான். அதுல ரெண்டு டிஸ்க் போனா படிக்கலாம், எழுத முடியாது, எழுத மூணு வேணும். அப்புறமா இடம் பத்தலன்னு ஒரே ஒரு டிஸ்க் வாங்கி அஞ்சாவதா சொருகவும் முடியாது, இன்னொரு செட்டா, பூல்னு சொல்லுவாங்க, மொத்தமா சேர்க்கணும். கீழ பல டிஸ்க்கை ஒண்ணா சேர்க்குற ரெய்டு கார்டு போட்டு அதுக்கு மேல மினியோ போடாதீங்க, ரெண்டு பேரும் ஒரே வேலையைப் பார்ப்பாங்க, டிஸ்க்கை தனித்தனியா எக்ஸ்எஃப்எஸ் ஃபார்மேட் பண்ணிக் குடுங்க. டிஸ்க் வாங்கும்போது அது எழுதுற முறை எஸ்எம்ஆரா சிஎம்ஆரான்னு கேளுங்க, விலை கம்மியா இருக்கேன்னு எஸ்எம்ஆர் வாங்குனா தொடர்ந்து எழுதும்போது ஒரு கட்டத்துக்கு மேல மாட்டு வண்டிதான். அப்புறம் ஒரே டிஸ்க்ல நாலு போல்டர் போட்டு நாலு டிஸ்க்னு சர்வரை ஏமாத்துறவங்க... டிஸ்க் போனா நாலும் சேர்ந்தே போகும், வேற என்ன.

வெளில தொறக்குற விஷயத்துல நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட். மினியோஅட்மின், மினியோஅட்மின்னு யூசரும் பாஸ்வேர்டும் ஒண்ணாவே இருக்குற டீஃபால்ட்டை அப்படியே விடுறது முதல் பாவம். ரெண்டாவது பாவம் தெரியாமலே பண்றது. யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால்ல மினியோவோட 9000 போர்ட்டை மூடிட்டேன்னு நிம்மதியா இருப்பீங்க, ஆனா டாக்கர்ல போர்ட்டை பப்ளிஷ் பண்ணா அது அடில இருக்குற ஐபிடேபிள்ஸ்ல நேரா ரூல் எழுதிக்கும், யுஎஃப்டபிள்யூ சொல்றது அங்க செல்லாது. 127.0.0.1னு, அதாவது இந்த மிஷினுக்கு மட்டும்னு, முன்னாடி போட்டு பப்ளிஷ் பண்ணி, வெளில இருந்து வர்றதை வாங்கி உள்ள அனுப்ப என்ஜின்எக்ஸ் வைங்க. அந்த என்ஜின்எக்ஸ்ல பாடி சைஸ் டீஃபால்ட் 1 எம்பி, அதுக்கு மேல ஏத்துனா 413னு கத்தும், க்ளையன்ட் கேட்ட டொமைன் பேர் இருக்குற ஹோஸ்ட் ஹெட்டரை அப்படியே அனுப்பலன்னா சிக்னேச்சர் ஒத்துவரலன்னு கத்தும். மிஷின் மணி 15 நிமிஷத்துக்கு மேல தப்பா இருந்தாலும் கத்தும், பழைய பிசில சீமாஸ் பேட்டரி செத்துப் போயிருந்தா கரண்ட் போய் வந்த அன்னைக்கு இதுதான். ஐம்பது ரூபா பேட்டரிக்கு ராத்திரி பூரா கான்ஃபிக் மாத்திக்கிட்டு உட்கார்ந்தவன் நான்.

கஸ்டமருக்கு ஆல்பம் அனுப்ப பக்கெட்டையே பப்ளிக் ஆக்குறாங்க சிலர். படத்தோட லிங்க்கை விட்டுட்டு பக்கெட் வரைக்கும் உள்ள அட்ரஸை மட்டும் ப்ரவுசர்ல அடிச்சுப் பாருங்க, எக்ஸ்எம்எல்ல பட்டியல் வந்துச்சுன்னா ஒரு வீட்டுக் கல்யாணத்தை இன்னொரு வீட்டுக்காரங்க பூரா பார்க்கலாம்னு அர்த்தம். கெடு வச்சு கையெழுத்துப் போட்ட ப்ரீசைன்டு லிங்க் குடுங்க, அதிகபட்சம் 7 நாள் செல்லும். ஆனா அந்த லிங்க்கை 192.168ல ஆரம்பிக்குற கடை அட்ரஸ்ல போட்டுட்டு, வாட்ஸ்அப்ல அனுப்பும்போது டொமைன் பேரை மட்டும் மாத்துனா வேலைக்கு ஆகாது, ஹோஸ்ட் பேரும் சேர்த்துதான் கையெழுத்து. வெளி டொமைன்லயே சைன் பண்ணுங்க. பப்ளிக் ஐபி இல்லாத பிராட்பேண்ட்ல க்ளவுட்ஃப்ளேர் டனல் போட்டா இலவச ப்ளான்ல ஒரு அப்லோடு 100 எம்பிதான், பெரிய ஃபைலைப் பிரிச்சு ஏத்துற மல்டிபார்ட்ல துண்டு அளவைக் குறைச்சு வச்சுக்கோங்க.

அழிச்சாலும் இடம் குறையலையேன்னு ஒரு புலம்பல் கண்டிப்பா வரும். பழைய பிரதியையும் வச்சிருக்குற வெர்ஷனிங் ஆன்ல இருந்தா டெலீட்னா அழிக்குறது இல்ல, அழிச்சாச்சுன்னு மேல ஒரு சீட்டு ஒட்டுறது. பழைய வெர்ஷனை 30 நாள்ல தூக்கிருன்னு லைஃப்சைக்கிள் ரூல் போடணும். பாதில நின்ன மல்டிபார்ட் அப்லோடும் கண்ணுக்குத் தெரியாம இடம் புடிக்கும், கராஜ்ல அதைத் துடைக்கத் தனி கமாண்டே இருக்கு. கராஜ்ல வெர்ஷனிங் இல்ல, அதையும் தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க.

கடைசியா பேக்கப். பேரிட்டி பேக்கப் இல்ல, டிஸ்க் போனா காப்பாத்தும், கடைப் பையன் தப்பான போல்டரை அழிச்சா காப்பாத்தாது. அதனால ஏற்காட்ல காபி எஸ்டேட் வச்சிருக்குற அண்ணனோட சொந்தக்காரர் ஆபீஸ்ல ரெண்டாவது மிஷின் ஒண்ணு வச்சோம். 4 டிபியை 20 எம்பிபிஎஸ் அப்லோட்ல அனுப்பக் கணக்குப் போட்டா 18 நாளுக்கு மேல வந்துச்சு, டிஸ்க்கை துண்டுல சுத்தி பேக்ல வச்சுக்கிட்டு பைக்ல 20 ஹேர்பின் ஏறிட்டோம், ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. முதல் காப்பியை எப்பவும் கைல கொண்டு போங்க, அப்புறம் தினமும் புதுசா வந்தது மட்டும் ஆர்க்ளோன்ற காப்பி சாஃப்ட்வேர்ல போகட்டும். அதுலயும் சிங்க் போடாதீங்க, இங்க அழிச்சது அங்கயும் அழியும், காப்பி போடுங்க. மலை மேல பனி, ஈரம், இடி எல்லாம் ஜாஸ்தி, மிஷினை ஜன்னல் ஓரமா வைக்காம உள் ரூம்ல வச்சு ஒயர் எல்லாம் சர்ஜ் ப்ரொடெக்டர் வழியா குடுத்தோம். எஸ்டேட் ஆபீஸ்ல யார் வேணா வருவாங்கன்னு அங்க போறதை எல்லாம் ஆர்க்ளோனோட க்ரிப்ட் போட்டு பூட்டி அனுப்புனோம்.

ஆறு மாசம் ஓடுச்சு. தை முகூர்த்தம் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, சேலம் மிஷின் எரிஞ்சு போச்சுன்னு வச்சுக்குவோம்னு அதை ஆஃப் பண்ணிட்டு, மேல ஏறிப் போய் ஒரே ஒரு கல்யாணத்தை மட்டும் என் லேப்டாப்ல எடுத்துப் பார்க்கலாம்னு உட்கார்ந்தோம். ஃபைல் எல்லாம் இருக்கு, பேர் மட்டும் கன்னாபின்னான்னு இருக்கு, ஒண்ணும் தொறக்கல. பூட்டுன பாஸ்வேர்ட் எங்கன்னு அண்ணன் கேட்டாரு. ஆர்க்ளோன் கான்ஃபிக்ல இருக்குண்ணான்னேன். அது எங்கன்னாரு. சேலம் மிஷின்லன்னேன். அவரு ஒண்ணும் பேசல, எழுந்து போய் காபி சொல்லிட்டு வந்தாரு. சாயங்காலம் கீழ இறங்குனதும் முதல் வேலையா அந்த பாஸ்வேர்டை ஒரு முழுநீள பேப்பர்ல எழுதி, ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ணு எங்க வீட்ல இருக்கு, இன்னொண்ணு அண்ணன் கடை பீரோல, பழைய பில் புக்குக்கு அடில.